ரெண்டு தட்டு, அப்புறம் மூணு

கப்பல்லேருந்து
பிப்ரவரி 4

அன்புள்ள அத்தைக்கு,

சிட்டு எழுதுறேன். நல்லா இருக்கேன், மூணு வேளையும் சாப்பிடுறேன், இருமல் போயிடுச்சு. நீ கேக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கு?

விஷயத்துக்கு வர்றேன். எஞ்சின் ரூம்ல ஒம்பது வருஷம் வெந்தது போதும். ஜூனோட ஒப்பந்தம் முடியுது. சொந்தமா ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கி, அதுலயே குடியிருந்து, தனியா கொஞ்ச நாள் கடல் சுத்தப் போறேன். உடனே ஒப்பாரி வைக்காத, முழுசாப் படி.

பத்திரிகைல ரெண்டு படகு விளம்பரம் வந்திருக்கு. ரெண்டுமே நீ வேலை பாக்குற பட்டறைலதான் நிக்குதாம்! ஒண்ணு பச்சை, முப்பத்திமூணு அடி. இன்னொண்ணு வெள்ளை, முப்பத்தஞ்சு அடி. ரெண்டும் மரம், ரெண்டுக்கும் நாப்பது வயசு. விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

எனக்காக நீ பாக்கணும். பாய் தைக்கிறவளுக்குப் படகைப் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். மரச்சுத்தி எடுத்துக்கோ. மூக்குலேருந்து வால் வரைக்கும் சாண் சாணா பலகையத் தட்டு. நல்ல மரம் ‘டணார்’னு பேசும். உளுத்த மரம் ‘பொத்’துனு சொல்லும். பட்டறைத் தச்சர்கிட்ட கேட்டா முதலாளி பக்கம்தான் பேசுவார். எனக்கு உன் காது போதும்.

உன்
சிட்டு

•

கடவுள் துணை

பிப்ரவரி 26

என் கண்ணு சிட்டுக்கு அத்தை ஆசீர்வாதம் பண்ணி எழுதுறது.

உன் கடுதாசி வந்துச்சு. சாமி முன்னாடி வச்சுக் கும்பிட்டுட்டுப் பிரிச்சேன். பிரிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, கும்பிட்டது பத்தாதுன்னு. தனியாவா? உங்கப்பனும் ஆத்தாவும் ஒரே மாசத்துல காய்ச்சல்ல போனப்ப ஏழு வயசுப் புள்ளையா உன்னக் கைல வாங்கினேன். தண்ணில கால் வைக்க மாட்டேன்னு குளிக்கிறதுக்கே ஊரக் கூட்டுவே. அந்தப் புள்ளையாடா நீ? சரி, ஒப்பாரி வேண்டாம்னுட்ட. வைக்கல. முழங்கால் அப்படியேதான் இருக்கு, மாடி ஏறுறப்ப மட்டும் அதுக்கு என் ஞாபகம் வருது.

படகு ரெண்டும் என் தையல் ஜன்னலுக்கு நேரா, முட்டுக் குடுத்து பக்கத்துல பக்கத்துல நிறுத்தியிருக்கு. நடுவுல ஒரு ஆள் பூந்து போற அளவு சந்துதான். சம்பந்தி வீட்டம்மா ரெண்டு பேர் ஒரே கல்யாணத்துல உக்காந்த மாதிரி, ஒண்ண ஒண்ணு பாக்காம நிக்குதுங்க.

மொதல்ல பாயப் பாத்தேன், என் புத்தி அங்கதான போகும்? பச்சையோட பாய்ங்க பழசுதான், ஆனா வச்சிருந்தவன் ஒழுக்கமானவன். கிழிஞ்ச எடமெல்லாம் மூணு வரிசைத் தையல் போட்டு, மூலைக்கு மூலை தோல் வச்சுத் தச்சிருக்கான். வெள்ளையோட பாய் வயித்துல இழுத்து இழுத்து, தொளதொளன்னு தொங்குது. காத்து ஜாஸ்தி ஆனப்பவும் பாயச் சுருக்காம ஓட்டியிருக்கான் அந்த மகராசன்.

உள்ளே எறங்கினா கதை மாறுது. பச்சை இருட்டு. ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன ஜன்னல், உன் ஒசரத்துக்குக் குனிஞ்சுதான் நடக்கணும், பெட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி இருக்கு. வெள்ளை அப்படி இல்ல. ஆறு ஜன்னல், நல்ல வெளிச்சம், நிமிந்து நிக்கலாம், அடுப்பு ஆடுற தொட்டில் மாதிரி தொங்குது, படகு சாஞ்சாலும் பாத்திரம் சாயாது. எஞ்சினும் வெள்ளையிலதான் புதுசு. ஆனா அதோட பாய்மரத்தப் புடிச்சு நிக்கிற கம்பியெல்லாம் இழை இழையா விட்டுப்போச்சு, மொத்தமும் மாத்தணும். கம்பி வேலை பாக்குறவருக்கு இங்க ஒரு வருஷத்துக்கு வேலை வரிசைல நிக்குது.

அடில பாத்தா, பச்சைக்குக் கீல், அதான் முதுகெலும்பு மாதிரி அடிக்கட்டை, மூக்குலேருந்து வால் வரைக்கும் நீளமா ஓடுது. சுக்கானக் கட்டிப் போட்டுட்டு நீ தூங்கினாலும் நேராப் போகுமாம். வெள்ளைக்கு நடுவுல மட்டும் துடுப்பு மாதிரி ஒண்ணு. வேகமாப் போகும், ஆனா கன்னுக்குட்டி மாதிரி, புடிச்சுக்கிட்டே இருக்கணுமாம்.

தட்டியும் ஆச்சு. கை கழண்டு போச்சு. மரமெல்லாம் டணார்தான்.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. சாமிய மறக்காத.

அன்பு
அத்தை

•

கப்பல்லேருந்து
மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

நலமா இருக்கேன். நீ நலமா இருக்கேன்னு நாலு பக்கம் எழுதின தெம்பே சொல்லுது.

படிச்சுப் படிச்சு உன் கடுதாசி மடிப்புல கிழிஞ்சு போச்சு. என் மனசு பச்சைப் பக்கம்தான் போகுது. தனி ஆளுக்கு நேராப் போற படகுதான் லாயக்கு. குனிஞ்சு நடந்தா நடந்துக்கறேன், எஞ்சின் ரூம்லயும் குனிஞ்சுதான் நடந்தேன். பச்சைய வாங்கினா ஜூன் கடைசியிலயே கெளம்பிடலாம், வேலையும் ஒண்ணும் இல்ல.

கடைசியா ஒரு தடவை பாத்துட்டு எழுது. சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் முதலாளிக்கு எழுதிடறேன்.

உன்
சிட்டு

•

கடவுள் துணை

ஏப்ரல் 9

சிட்டு கண்ணுக்கு அத்தை எழுதுறது. மனசு சரியில்ல, ஒடம்பு சுமாரா இருக்கு. நீ சொகமா இருக்கணும்.

இத எழுதறதா வேண்டாமான்னு மூணு நாளு யோசிச்சேன். நீ சிரிப்பே. சிரிச்சுக்கோ.

நீ சொன்ன மாதிரி பச்சைய இன்னொரு தடவை பாக்கப் போனேன். சாயங்காலம் அஞ்சு மணி, சங்கு ஊதி ஆளுங்கெல்லாம் போயிட்டாங்க. வெயில் இன்னும் இருந்துச்சு. எடது பக்கம், படுக்கைப் பலகைக்குப் பின்னால வர்ற எடத்துல நான் சுத்தியால தட்டினேன். உள்ளேருந்து யாரோ பதிலுக்குத் தட்டினாங்க.

ரெண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மூணு தட்டு.

எதிரொலின்னு நெனச்சேன். நான் ஒரு தடவைதான தட்டினேன், அது எப்படி அஞ்சு ஆகும்? ஏணி போட்டு மேல ஏறி, கதவத் திறந்து பாத்தேன். ஈ காக்கா இல்ல. மெத்தைகூட எடுத்துட்டாங்க, எலி ஒளியக்கூட எடம் இல்ல. எறங்கி வந்து கை எடுத்துக் கும்பிட்டு, ‘யாரா இருந்தாலும் நல்லா இருங்க’ன்னு சொல்லிட்டுத் திரும்பறேன், முதுகுக்குப் பின்னால மறுபடி. ரெண்டு. அப்புறம் மூணு.

நான் யார்கிட்டயும் சொல்லல. முதலாளி ‘என்னக்கா, தட்டிப் பாத்தீங்களா, எப்படி இருக்கு பச்சை?’ன்னு கேட்டார். ‘தட்டியாச்சு முதலாளி, மணி மாதிரி இருக்கு’ன்னுட்டேன். பொழைப்பக் கெடுப்பானேன்?

ஆனா நீ அதுல தனியாப் படுக்கணுமே ராசா. இருட்டு வேற. வெள்ளைய வாங்கு. கம்பி வேலைக்கு ஒரு வருஷம் ஆனா ஆகட்டும், அதுவரைக்கும் அத்தை வீட்ல இரு. ஒரு வருஷம் என் கையால சாப்பிட்டா என்ன கொறஞ்சு போகும்? ஒனக்குப் பாத்து வச்சிருக்கிற பொண்ணப் பத்தி நான் ஒண்ணும் எழுதல பாரு.

உன் நன்மைக்கே சொல்ற
அத்தை

•

கப்பல்லேருந்து
மே 6

அன்புள்ள அத்தைக்கு,

நலம். முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வச்சிருக்கேன்.

உன் கடுதாசிய எஞ்சின் ரூம்ல சத்தமாப் படிச்சுக் காட்டினேன். எல்லாரும் உருண்டு சிரிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல நாலு பேர் மேஜையத் தட்டி ரெண்டு, மூணுன்னு ஒரே கிண்டல். எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. ஆனா அத்தை, நடுக்கடல்ல தனியா, குனிஞ்சு நடக்கிற அந்த இருட்டுக்குள்ள நீ எழுதினது ஞாபகம் வராம இருக்குமான்னு யோசிச்சேன். வரும். போற எடத்துக்கெல்லாம் அத அழைச்சுக்கிட்டுப் போக முடியாது.

அதனால வெள்ளைதான். முதலாளிக்கு எழுதிப் பணமும் அனுப்பிட்டேன். ஜூன் கடைசியில வர்றேன். கம்பிக்குக் கவலப்படாத, எங்க கப்பல்ல கம்பி முறுக்குறவர் ஒருத்தர் லீவுல கூட வர்றார். ரெண்டு பேரும் சேந்தா பத்து நாள் வேலை.

பொண்ணப் பத்தி எழுதாம விட்டதுக்கு நன்றி. ஒரு பக்கம் முழுக்க எழுதாம விட்டிருக்கே.

உன்
சிட்டு

•

கடவுள் துணை

ஜூலை 12

கடல் மேல போயிருக்கிற என் புள்ளைக்கு அத்தை ஆசீர்வாதம்.

நீ சொன்ன மொதல் துறைமுக ஆபீசுக்கே இத அனுப்புறேன். போய்ச் சேந்தியா? வயித்துக்கு ஒத்துக்குச்சா? அழுத கண்ணோட கை ஆட்டினேன்னு கோவப்படாத. அழாம ஆட்டுற கை எனக்குப் பழக்கம் இல்ல.

பதினோரு நாள் என் வீட்ல இருந்தே. பேசினது எத்தனை நேரம்? ஒரு மணி நேரம் இருக்குமா? விடிஞ்சா கம்பி, பொழுது சாஞ்சா வார்னிஷ். கெளம்புறதுக்கு மொத நாள் சாப்பாட்டுக்கு உக்காந்தப்ப ‘சிட்டு, ஒண்ணு சொல்லணும்’னேன். ‘பொண்ணு விஷயமா?’ன்னு கேட்டுட்டு உன் கூட்டாளியப் பாத்துக் கண்ணடிச்சே. அவரும் சிரிச்சார். சரி, சிரிக்கிற புள்ளைங்கள எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். ஒண்ணும் பெருசா இல்ல.

தச்சர் படுக்கைப் பலகையக் கழட்டி உள்பக்கம் பாப்பார்னு நெனச்சேன். வருஷா வருஷம் எல்லாப் படகுக்கும் பாக்குறவர்தான். நீ அவசரப்பட்டதால பாக்க நேரம் இல்லன்னுட்டார். பரவாயில்ல. சாமி பாத்துக்குவார்.

இங்க ஒரு வேடிக்கை. பக்கத்து மிஷின் அக்கா, அதான் காதுல பென்சில் சொருகியிருப்பாங்களே, அவங்க என்னக் கிண்டல் பண்ணிக்கிட்டே இருக்காங்க. ‘ஏண்டி, சாயங்காலம் ஆனா யாரைடி கூப்பிடுற?’ன்னாங்க. என்னக்கான்னேன். அஞ்சு மணிச் சங்கு ஊதினதும் என் வலது கை தானா மேஜையத் தட்டுதாம். விரல் முட்டியால. ‘கதவு தட்டுற மாதிரியே தட்டுற, எனக்கு எந்திரிச்சுப் போய்த் திறக்கணும் போல இருக்கு’ங்கறாங்க. எனக்குத் தெரியவே இல்ல. வயசானா இப்படித்தான் போல. தைக்கிற கை, சும்மா இருக்க மாட்டேங்குது.

பச்சை மட்டும் ஜன்னலுக்கு நேரா ஒத்தையா நிக்குது. வெள்ளை நின்ன எடத்துல புல்லு கருகிக் கெடக்கு.

வெயில்ல தொப்பி இல்லாம நிக்காத. தெனம் ஒரு தடவை சாமிய நெனை.

அன்பு
அத்தை

•

தீவுத் துறைமுகம்
ஆகஸ்ட் 3

அன்புள்ள அத்தைக்கு,

நலமா வந்து சேந்தேன். கறுத்துப் போயிட்டேன், நீ பாத்தா கரி வியாபாரம் பண்ணப் போனியான்னு கேப்பே. உன் கடுதாசியும் இங்க கெடைச்சுது.

வெள்ளை ஓடுது பாரு, அடேயப்பா. நீ சொன்ன அதே கன்னுக்குட்டிதான், சுக்கான விட்டுட்டு டீ போட்டுக் குடிக்க முடியாது. ஆனா வெளிச்சமா இருக்கு, அடுப்பு தொட்டில் மாதிரி ஆடுது, ஒரு சொட்டு சிந்தல. அடில கொஞ்சம் தண்ணி சேருது, பழைய மரப் படகுன்னா சேரும். காலைல பத்து, சாயங்காலம் பத்துன்னு பம்பு அடிச்சா போதும்.

இப்ப நீ சிரிக்கற முறை. உன் ஆவி படகு மாறி ஏறிடுச்சு!

நெஜமாத்தான். கரைய விட்ட மறுநாள்லேருந்து ஆரம்பம். சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல, எடது பக்கம், படுக்கைப் பலகைக்குப் பின்னாலேருந்து. ரெண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மூணு. அப்படியே நீ எழுதின மாதிரி. ஏதோ கயிறு இடிக்குதுன்னு எல்லாக் கயித்தையும் கட்டினேன். டின் உருளுதுன்னு எல்லா டின்னையும் வெளில எடுத்தேன். காத்தே இல்லாம கடல் கண்ணாடியாக் கெடந்த அன்னைக்கும் தட்டுச்சு. பதிலுக்கு நான் தட்டினா நின்னுடுது. யாரோ காது குடுத்துக் கேக்குற மாதிரி.

பயம் இல்ல. உன் கடுதாசி என் தலைல ஏறி உக்காந்திருக்கு, அவ்வளவுதான். நாளைக்குக் கெளம்பறேன். அடுத்த துறைமுகத்துக்குப் பதினெட்டு நாள் ஆகும். முகவரி பின்னால எழுதியிருக்கேன்.

உன்
சிட்டு

•

கடவுளே

ஆகஸ்ட் 19

சிட்டு, எங்கப்பா இருக்கே? இது உன் கைக்கு வரணும்னு சாமிகிட்ட மடிப்பிச்சை கேட்டுட்டு எழுதுறேன்.

உன் கடுதாசி நேத்துதான் வந்துச்சு. உடனே தந்தி குடுத்தேன். ‘எடது படுக்கை பின்னால் பலகை உளுப்பு. உடனே கரை ஏறு.’ அதுவும் அதே துறைமுக ஆபீசுக்குத்தான் போகும். நீ கரை ஏறினாத்தான் கைக்கு வரும்னு தந்திக்காரர் சொல்றார். கரை ஏறினவனுக்குக் கரை ஏறுன்னு சொல்றதுக்கு ஒரு தந்தி. வேற வழி எனக்குத் தெரியலடா.

நான் பொய் சொன்னேன். பச்சைல யாரும் பதில் தட்டல. அஞ்சு மணிக்கு நான் அந்தப் பக்கம் போகவே இல்ல. வீட்ல உக்காந்து எழுதினேன். மரம் சரியில்லன்னு எழுதியிருந்தா முதலாளி உனக்கு எழுதி நிரூபிச்சிருப்பார். ஆவின்னு எழுதினா யாரு நிரூபிப்பா? பச்சைய வாங்கினா நீ ஜூன்லயே போயிடுவே. வெள்ளைய வாங்கினா கம்பிக்காக ஒரு வருஷம் என்கூட இருப்பே, அதுக்குள்ள மனசு மாறிடும்னு கணக்குப் போட்டேன். சாமி கும்பிடுற வாயால, வெக்கமில்லாம, ரெண்டு பக்கம் எழுதினேன்.

அது மட்டும்னா பரவாயில்ல. கேளு. பிப்ரவரில வெள்ளைய நீ சொன்னபடி சாண் சாணா தட்டினேன். எல்லாம் டணார், டணார்னு வந்துச்சு. எடது பக்கம், படுக்கைக்குப் பின்னால, தண்ணிக் கோட்டுக்குக் கீழ வந்தப்ப சத்தம் செத்துப் போச்சு. ‘பொத்’. என் காதுதான் மோசம்னு நெனச்சு, ரெண்டு தடவை தட்டினேன். கொஞ்சம் நின்னு மூச்சு விட்டுட்டு மூணு தடவை தட்டினேன். ‘பொத், பொத், பொத்’.

அத உனக்கு எழுதல. ரெண்டையும் ஒரே மாதிரி சொல்லிடலாம், நீ குழம்பிப்போய் ரெண்டையும் விட்டுடுவேன்னு நெனச்சேன். அப்புறம் தச்சர் கண்டுபிடிச்சுடுவார்னு விட்டேன். அப்புறம் நீ சிரிச்சதால விட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு கெடைச்சுது எனக்கு.

சிட்டு, அந்த ரெண்டும் மூணும் நான் தட்டினது. பொய் எழுதுறப்ப வேற எண்ணிக்கை தோணல, அதையே எழுதிட்டேன். அந்த அக்காவ இன்னைக்குக் கேட்டேன், ‘அக்கா, என் கை மேஜைல எப்படி தட்டுது, தட்டிக் காட்டுங்க’ன்னு. தட்டிக் காட்டினாங்க. ரெண்டு. அப்புறம் மூணு.

கரை ஏறு. பலகையப் பாரு. அப்புறம் என்னத் திட்டு. திட்டுறதுக்கு நீ இருக்கணும்.

அத்தை

•

துறைமுகம்
அக்டோபர் 2

அத்தைக்கு,

உயிரோட இருக்கேன். ஒடம்பு நல்லா இருக்கு.

ஆகஸ்ட் 28 வந்து சேந்தேன். தந்தியும் கடுதாசியும் ஒண்ணா வச்சுக் குடுத்தாங்க. ஒரு மாசமா எழுதல. எழுதினா என்ன எழுதுவேன்னு எனக்கே பயமா இருந்துச்சு. கோவம் முழுசாப் போகல, போன மாதிரி எழுத மாட்டேன்.

நடந்தது இதான். கெளம்பின பதினேழாம் நாள், ஆகஸ்ட் 20, சாயங்காலம் தட்டு நிக்கவே இல்ல. ரெண்டு, மூணு, ரெண்டு, மூணுன்னு விடாம, கதவ ஒடைக்கிற மாதிரி. கத்திட்டேன். ஆத்திரத்துல கடப்பாரைய எடுத்துப் படுக்கைப் பலகையப் பேத்து எறிஞ்சேன். பின்னால மரம் கறுத்துப் போய் வேர்த்துக்கிட்டு இருந்துச்சு. கட்டை விரல வச்சு அழுத்தினேன். நனைச்ச ரொட்டி மாதிரி உள்ள போச்சு. விரலச் சுத்திக் கடல் தண்ணி ஊறி வந்துச்சு.

நீ குடுத்தனுப்பின பாய்த் துணில ஒரு துண்டக் கிரீஸ்ல தோச்சு அடைச்சு, மேல பலகை வச்சு முட்டுக் குடுத்து, எட்டு நாள் பம்பு அடிச்சுக்கிட்டே வந்தேன். தூக்கம் கால் மணி, கால் மணியா. பேத்ததுலேருந்து தட்டுச் சத்தம் இல்ல.

இங்க படகைத் தூக்கி வச்சாச்சு. இந்த ஊர்த் தச்சர் நாலு பலகை புதுசாப் போட்டார். அவர்கிட்ட தட்டுன சத்தம் எப்படி இருந்துச்சுன்னு சொன்னேன், ‘டக்கு டக்கு’ன்னு காஞ்ச மரத்துல தட்டுற மாதிரின்னு. பேத்துப் போட்ட பலகைய எடுத்துச் சுத்தியால அடிச்சுக் காட்டினார். சத்தமே வரல. ‘இதுலேருந்து அந்தச் சத்தம் வந்திருக்காது தம்பி’ன்னார்.

நவம்பர் பொறந்ததும் தண்ணில எறக்கணும்.

சிட்டு

•

கடவுள் துணை

அக்டோபர் 14

என் சாமி சிட்டுக்கு, அத்தை தரையில விழுந்து கும்பிட்டுட்டு எழுதுறது.

திட்டலியே நீ. நாலு வார்த்த திட்டியிருந்தா எனக்குச் சோறு எறங்கியிருக்கும். உயிரோட இருக்கேன்னு எழுதியிருக்கே பாரு, அந்த ஒரு வரிய அந்த அக்காகிட்ட காட்டி ரெண்டு பேரும் அழுதோம். அவங்களுக்கு எதுக்கு அழுகைன்னே தெரியாது, நான் அழுததப் பாத்து அழுதாங்க.

என் கைய விசாரிச்சேன். ஆகஸ்ட் 20 சாயங்காலம் ரொம்ப நேரம் தட்டினேனாம். ‘அன்னைக்கு உன் கையப் புடிச்சு வச்சேண்டி, அப்பவும் நிக்கல’ங்கறாங்க. அப்புறம் நின்னுபோச்சாம். உன் கடுதாசிலயும் அதே தேதிதான்.

நின்னுபோச்சுன்னு இருந்தேன் கண்ணு. போன வாரத்துலேருந்து மறுபடி ஆரம்பிச்சிருக்கு. ஆனா வேற மாதிரி. ரெண்டும் இல்ல, மூணும் இல்ல. ஒவ்வொண்ணா, ஒரே சீரா. மேஜையோட இந்த முனைலேருந்து அந்த முனைக்கு, சாண் சாணா என் கை தட்டிக்கிட்டே நகருதாம். கடைசிக்கு முன்னாடி ஒரு எடத்துல வந்து நின்னுடுதாம். தெனம் அதே எடம். அக்கா அங்க சாக்பீஸால ஒரு கோடு போட்டு வச்சிருக்காங்க, வெளையாட்டு அவங்களுக்கு.

இது என்னன்னு எனக்குத் தெரியல. இந்தத் தடவை மறைக்க மாட்டேன், அதான் உடனே எழுதுறேன். உன் படகுல இன்னும் ஏதோ இருக்கு. மூக்குலேருந்து வால் வரைக்கும் தட்டிப் பாக்காம தண்ணில எறக்காத. நீயே தட்டு, யாரையும் நம்பாத. என்னையும் நம்பாத.

வேற சேதி, பச்சையும் வித்துப் போச்சு. ஒரு பல் டாக்டர், அவர் சம்சாரம், ஆறு வயசுல ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு என் மிஷின்கிட்ட வந்து நின்னுக்கிட்டு, ‘பாட்டி, உங்களுக்கு முன் பல்லு ஆடுதா? எங்கப்பா புடுங்குவாரு’ங்குது. நல்ல குடும்பம். நவம்பர்ல எறக்குறாங்க.

நேரத்துக்குத் தூங்கு. எனக்குக் கோவம் போச்சுன்னு என்னைக்காவது எழுது.

அத்தை

•

துறைமுகம்
அக்டோபர் 25

அத்தைக்கு,

நலம். நேத்து பூரா தட்டினேன், தச்சரும் நானும் மாறி மாறி, ஒரு சாண் விடல. எல்லாம் டணார். வெள்ளைல ஒண்ணும் இல்ல.

ராத்திரி படுத்துக்கிட்டு உன் கடுதாசிகள மொதல்லேருந்து படிச்சேன். ஒண்ணு கேக்கணும், ஒளிக்காம சொல்லு. வெள்ளையத் தட்டினது எப்படின்னு சத்தத்தோட எழுதியிருக்கே. பச்சையப் பத்தி ‘தட்டியாச்சு’ன்னு மட்டும்தான் எங்கேயும் இருக்கு.

பச்சைய நீ தட்டினியா?

சிட்டு

•

நவம்பர் 5

சிட்டு,

இல்லடா. தட்டவே இல்ல. வெள்ளைல அந்த ‘பொத்’தக் கேட்டதும் சுத்தியப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். பச்சைய மேலயும் உள்ளேயும் பாத்ததோட சரி. முதலாளிகிட்ட மணி மாதிரின்னு சொன்னது வாய்ச்சொல். அத நம்பித்தான் அவர் டாக்டர்கிட்ட ‘எங்க பாய் அக்கா தட்டிப் பாத்தாச்சு’ன்னு சொல்லி வித்திருக்கார்.

உன் கடுதாசி பத்து மணித் தபால்ல வந்துச்சு. பச்சை காலைல ஏழு மணிக்கே போயிடுச்சு. நானும் போய்க் கை ஆட்டிட்டு வந்தேன். அந்தப் பொண்ணு டாட்டா காட்டினது கண்ணுலயே நிக்குது.

கடுதாசியக் கைல புடிச்சுக்கிட்டே ஓடினேன், முழங்கால் இருந்துச்சோ இல்லையோ. ஆபீஸ்ல முதலாளி, தச்சர், கணக்குப் புள்ளை, எல்லாரும் இருந்தாங்க. எல்லார் முன்னாடியும் சொன்னேன். நான் பாக்கல, பாத்தேன்னு பொய் சொன்னேன்னு. முதலாளி பேனாவ மூடி வச்சார். அவர் மூஞ்சியப் பாத்தாத் தெரியும், நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. தச்சர் விசைப்படகு எடுத்துக்கிட்டுத் தேடப் போயிருக்கார்.

ரேடியோக்காரர் அப்பலேருந்து பச்சையக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். பொழுது சாயற வரைக்கும் எட்டும்ங்கறார். இன்னும் பதில் இல்ல. டாக்டர் ரேடியோவ அணைச்சு வச்சிருக்கலாம், புதுசா வாங்கினவங்க அப்படித்தான் பண்ணுவாங்கன்னு எனக்காகச் சொல்றார். நான் அவருக்குப் பின்னால பெஞ்சுல உக்காந்து இத எழுதுறேன். சும்மா உக்காந்தா செத்துடுவேன் போல இருக்கு.

அக்கா என் பக்கத்துல உக்காந்து என் வலது கையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அஞ்சு மணிச் சங்கு ஊதினதும், எழுதறத ஒரு நிமிஷம் நிறுத்துடின்னாங்க. நிறுத்தினேன். பேனாவ வாங்கிக்கிட்டு, கையத் தூக்கி பெஞ்சு மேல விரிச்சு வச்சாங்க.

தட்டல. ஒரு மாசமா ஒரு நாளும் தவறாத கை, பெஞ்சு மேல அப்படியே கெடக்குது.

நான் உண்மையச் சொல்லிட்டதால நின்னுச்சா, இல்ல உன் படகுல நின்ன மாதிரி, அங்க பச்சைல பலகை பேந்ததால நின்னுச்சான்னு தெரியலடா. ரேடியோக்காரர் மறுபடி கூப்பிடுறார்.